கரையான் அரிக்காத ஏடு: சொந்த வலைப்பக்கம் அமைப்பது எப்படி?

சிதம்பரம் கோவிலில் ஓர் அறை. அது பல காலமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஓலைச் சுவடிகள்.

ராஜராஜ சோழன் அந்த அறையைத் திறக்கச் சொன்னான். அந்த ஏடுகளில் உள்ள பாட்டுகளைப் பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்று தில்லைவாழ் அந்தணர்கள் கூறிவிட்டார்கள். பாடியவர்கள் மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன! மன்னன் யோசித்தான். அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, அறை வாசலுக்குக் கொண்டுவந்தான்.

கதவு திறந்தது. உள்ளே பார்த்தால் கரையான் புற்று!

எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்தார்கள். ஏடுகளை எடுத்தார்கள். பெரும் பகுதி செல்லரித்துப் போய்விட்டது. மிஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார். இன்று நாம் பாடும் தேவாரம் அதுதான். திருமுறை கண்ட புராணம் இப்படிச் சொல்கிறது.

இந்தக் காலத்திலும் கரையான் உண்டு. ஆனால் அது மண்ணில் இருந்து வருவதில்லை. கம்பெனியின் அறிவிப்பில் இருந்து வருகிறது.

ஜியோசிட்டீஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி இருந்தது. 1994-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதில் தங்கள் பக்கத்தை வைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கான பேர் வைத்தார்கள். குழந்தை பிறந்த படம், கவிதை, ஊர்க் கதை, சமையல் குறிப்பு, எல்லாம் அதில் இருந்தன. 1999-ல் யாகூ கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2009-ல் இழுத்து மூடிவிட்டது. கடைசி நேரத்தில் சில நல்லவர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்துக் காப்பாற்றியது போக, மற்றது போனது போனதுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் ஆர்குட், ஆர்குட் என்று கிடந்தார்களே, நினைவிருக்கிறதா? 2014 செப்டம்பர் 30-ந் தேதி அதுவும் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று.

அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் இதுதான் நிலைமை. வீட்டுக்காரர் எப்பொழுது வேண்டுமானாலும் கதவைச் சாத்துவார்.

அப்படியானால் சொந்தத் திண்ணை கட்ட முடியுமா? முடியும். அதிகச் செலவும் இல்லை. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தாத்தாவின் நோட்டு

கடலூர் முதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தாத்தா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது ஆண்டுகளாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் ஊருக்குள் வந்த நாள் அதில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ந் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததும், பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்ததும் இருக்கின்றன. 2015 வெள்ளமும் இருக்கிறது. பாட்டி கொத்சு வைக்கும் பக்குவம் கூட ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. கத்திரிக்காயைச் சுட வேண்டுமா, வேகவைக்க வேண்டுமா என்று இருவருக்கும் நடந்த சண்டையும் சேர்த்துத்தான்!

பேத்தி சிதம்பரத்தில் படிக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறாள்.

"தாத்தா, இதையெல்லாம் பேஸ்புக்கில் போட்டுவிடட்டுமா?"

"அது யார் வீட்டுத் திண்ணைம்மா?"

"யாரோ அமெரிக்காக்காரர் வீடு."

"அவர் ஒரு நாள் வெள்ளையடித்துவிட்டால்?"

பேத்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்படி ஒரு நோட்டு எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஒரு வெள்ளம் வந்தால் போதும், மை கரைந்துவிடும்.

அந்தக் காலத்தில் எழுதியதை அச்சேற்றுவது என்பது சாதாரணக் காரியம் அல்ல. வடலூர் வள்ளலாரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823-ல். அவருடைய பாட்டுகளை அச்சிட அன்பர்கள் பல ஆண்டுகள் கெஞ்ச வேண்டியிருந்தது. இறுக்கம் ரத்தின முதலியார் விடாமல் எழுதி எழுதிச் சம்மதம் வாங்கினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பிக்க, 1867-ல் திருவருட்பா வெளிவந்தது. பணம் போடுகிறவர் ஒருவர், பிழை பார்க்கிறவர் ஒருவர், அச்சுக்கூடம் சென்னையில்! புத்தகம் வந்த பிறகும் நிம்மதி இல்லை. அது அருட்பாவா, மருட்பாவா என்று ஆறுமுக நாவலர் தரப்புடன் மூண்ட சண்டை கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போயிற்று.

திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனுக்கும், மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தனுக்கும் பத்திரிகைகள் இடம் கொடுத்தன. நம் தாத்தாவுக்கு யார் கொடுப்பார்கள்?

தோசையா, சம்பா சாதமா?

இண்டர்நெட்டில் பக்கம் வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறை ஓட்டல் தோசை மாதிரி. வாடிக்கைக்காரர் வந்து கேட்டதும் மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றுகிறார். வேர்டுபிரஸ் போன்றவை இப்படி வேலை செய்கின்றன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு பெரிய பேரேட்டைப் புரட்டி, தலைப்பைத் தேடி, கட்டுரையை எடுத்து, பக்கத்தை அந்த நிமிஷத்தில் தயாரித்து அனுப்புகிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் மாஸ்டருக்குத் திண்டாட்டம். சமையல்கட்டுக் கதவு திறந்தே இருப்பதால் திருடனும் நுழையப் பார்ப்பான். வாரம் தவறாமல் பூட்டைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை சிதம்பரம் சம்பா சாதம் மாதிரி. காலையிலேயே கிளறி இறக்கியாயிற்று. வந்தவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். பக்கம் முன்கூட்டியே தயாராகிவிட்டது. அது வெறும் பைல். கேட்டவருக்கு அப்படியே போகிறது. அடுப்பே எரியாத இடத்தில் தீ விபத்து ஏது? இதை நிலைத்த பக்கம் என்கிறார்கள்.

உலகத்தின் முதல் வலைப்பக்கமே நிலைத்த பக்கம்தான். சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் அதை அமைத்தார். 1991-ல் வெளியுலகத்துக்கு அறிவித்தார். அதன் பழைய பிரதியை இன்றும் திறந்து படிக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது கெட்டுப்போகவில்லை!

தமிழிலும் இதற்கு நல்ல சாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்களில் ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. எழுத்து மட்டும்தான். எத்தனையோ பளபளப்பான தமிழ்த் தளங்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. இது நிற்கிறது.

தில்லையில் கரையானுக்குத் தப்பிய தேவாரத்துக்கும் இதே கதிதான் கிடைத்தது. நல்ல கதி! புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007-ல் தேவாரம் முழுவதையும், வி.மு. சுப்பிரமணிய ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்போடு, குறுந்தட்டில் வெளியிட்டது. இண்டர்நெட்டிலும் வைத்தது.

கம்ப்யூட்டருக்குள் ஓர் அச்சுக்கூடம்

நிலைத்த பக்கத்தைக் கையாலேயே எழுதலாம். ஆனால் ஒரு தொல்லை உண்டு. இருநூறு பக்கங்கள் எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் "முதுநகர் நினைவுகள்" என்று பெயர். பெயரைக் கொஞ்சம் மாற்ற ஆசை. இருநூறு பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டும்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் நிலைத்தள ஆக்கி. அது ஒரு புரோகிராம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன அச்சுக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை நீங்கள் எழுதித் தர வேண்டும். பக்கத்தின் அமைப்பு வேறோர் இடத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்து எல்லாப் பக்கங்களையும் அதுவே அச்சடித்து அடுக்கிவிடும். பெயரை மாற்ற வேண்டுமா? ஓர் இடத்தில் மாற்றினால் போதும். மறுபடி ஓட்டினால் இருநூறு பக்கங்களும் மாறிவிடும்.

2008-ல் டாம் பிரஸ்டன் வெர்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஜெகில் என்ற ஆக்கியை வெளியிட்டார். 2013-ல் ஸ்டீவ் பிரான்சியா என்பவர் ஹ்யூகோவை வெளியிட்டார். வேறு பலவும் உண்டு. நான் ஹ்யூகோவைச் சொல்வேன். காரணம் இரண்டு. அது ஒரே ஒரு பைல். அதோடு வேறு பத்துச் சாமான்களைத் தேடி வைக்க வேண்டியதில்லை. வேகமும் அதிகம், சில நூறு பக்கங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் அடித்துத் தள்ளிவிடும். பழைய கம்ப்யூட்டரே போதும். விலை? ஒரு காசு இல்லை.

தொடங்குவோம்

ஹ்யூகோவைத் தரவிறக்கிக் கம்ப்யூட்டரில் வைத்ததும் கறுப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும். ஐகானைத் தட்டாமல் கட்டளையை எழுத்தால் தட்டும் ஜன்னல் அது. பயப்பட வேண்டாம். கறுப்பு நிறம்தான், பூதம் அல்ல. "ஹ்யூகோ நியூ சைட்" என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்தில் ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயரில் ஒரு போல்டர் தயாராகும். அதற்குள் சில அறைகள் இருக்கும். கட்டுரைகளுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, பக்க அமைப்புக்கு ஒன்று, தீம் என்று ஒன்று.

தீம் என்பது வீட்டுக்கு வேஷம் போடுவது மாதிரி. வண்ணம், எழுத்தின் அளவு, தலைப்பு எங்கே, படம் எங்கே என்று யாரோ முன்பே யோசித்துச் செய்து வைத்தது. நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துத் தீம் அறையில் வையுங்கள். பிறகு ஹ்யூகோவின் விவரப் பைலில் நான்கு வரிகளை நிரப்புங்கள். தளத்தின் முகவரி, மொழி, பெயர், தீமின் பெயர்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தீம் தேடுவதிலேயே ஒரு மாதத்தைப் போக்கிவிடுவார்கள். இன்று இது, நாளை அது. தாத்தாவின் நோட்டு அலமாரியிலேயே கிடக்கும். முதல் நாள் கிடைத்த எளிய தீமை வைத்துக்கொண்டு பத்துக் கட்டுரைகளை எழுதுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரையை எழுத வேர்டு வேண்டாம். சாதாரண எழுத்துப் பைலே போதும். மார்க்டவுன் என்று ஒரு முறை உண்டு. ஜான் குரூபர் என்பவர் 2004-ல் வகுத்தது. சுலபமானது. தலைப்பு வேண்டுமானால் வரியின் முதலில் # போடுங்கள். ஒரு சொல்லை அழுத்திக் காட்ட இரண்டு பக்கமும் இரண்டு நட்சத்திரம் போடுங்கள். புதுப் பாராவுக்கு ஒரு வரி காலி விடுங்கள். பாட்டியின் கொத்சுக்குச் சாமான் பட்டியல் வேண்டுமா? ஒவ்வொரு வரியின் முதலிலும் ஒரு சிறு கோடு. இவ்வளவுதான்.

இப்படி எழுதுவதில் இன்னொரு லாபம். ஹ்யூகோவே நாளைக்கு இல்லாமல் போனாலும், இந்தப் பைலை எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து வாசிக்கலாம்.

பைலின் உச்சியில் சில வரிகள் உண்டு. கடிதத்தின் தலையில் ஊர், தேதி எழுதுகிறோமே, அது போல. கட்டுரையின் பெயர், தேதி, வரைவா இல்லையா என்று அதில் இருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

புதுக் கட்டுரையை ஹ்யூகோ வரைவு என்று குறித்து வைக்கும். வரைவு என்ற குறியை எடுக்காவிட்டால் கட்டுரை வெளியே வராது. எங்கே போயிற்று, எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. நாளைத் தேதி போட்டால் ஹ்யூகோ இன்று வெளியிடாது. சரி, நியாயம்தான். ஆனால் நேரத்தை எழுதிவிட்டு, அது இந்திய நேரம் என்று குறிக்காமல் விட்டால், ஹ்யூகோ அதைக் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். காலை 10 மணி என்று எழுதினால் நம் ஊரில் பிற்பகல் 3.30 ஆன பிறகு மறுபடி ஓட்டினால்தான் கட்டுரை வெளிவரும். நேரத்தின் முடிவில் +05:30 என்று சேர்த்தால் இந்தக் குழப்பம் இல்லை.

எழுதி முடித்ததும் "ஹ்யூகோ சர்வர்" என்று தட்டுங்கள். உங்கள் தளம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் பக்கம் தானாகவே மாறும். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிழை திருத்த இதைவிட நல்ல வசதி கிடையாது.

தமிழுக்கென்று சில தொல்லைகள்

இங்கிலீஷ்காரருக்கு இல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு. அவற்றை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை.

தாத்தாவின் கட்டுரை ஒன்று பழைய பள்ளி ஆண்டு மலரில் வந்திருக்கும். டி.டி.பி. கடையில் அந்தப் பைல் கூடக் கிடைத்துவிடும். திறந்து பார்த்தால் ஒரே கிறுக்கல்! பழைய பைல்களில் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது. இப்பொழுது உலகத்துக்கெல்லாம் ஒரே கணக்கு யுனிகோடு. பழைய பைலை யுனிகோடாக மாற்றும் புரோகிராம்கள் இலவசமாகவே உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். ஒற்றும் கொம்பும் அங்கங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

புதிதாகத் தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை நல்லது. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் பழகினால் கை ஓடும். முடியாதவர்கள் போனில் வாயால் சொல்லியும் எழுத வைக்கலாம். ஆனால் கடலூர்ப் பேச்சைப் போன் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் சில சமயம் சிரிப்பாக இருக்கும்!

முகவரி ஒரு விஷயம். கட்டுரையின் பைலுக்குக் "கடலூர்" என்று தமிழில் பெயர் வைத்தால், முகவரியும் தமிழிலேயே அமையும். பார்க்க அழகு. ஆனால் அதை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பல சமயம் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். கடலூர் என்ற சொல் கம்ப்யூட்டருக்கு ஆறு குறிகள். ஒவ்வொரு குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிகிறது. மொத்தம் 54! பார்க்கிறவர் ஏதோ மோசடி என்று நினைத்துத் திறக்கவே மாட்டார். தலைப்பைத் தமிழில் வையுங்கள். முகவரிக்கு மட்டும் சின்னதாக ஓர் இங்கிலீஷ் பெயர் கொடுங்கள். இதில் மொழிப்பற்றை இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

அகர வரிசையிலும் கவனம் வேண்டும். "அவல்" முதலில் வர வேண்டும், "அழகு" பிறகு வர வேண்டும். வ-வுக்குப் பின்தானே ழ? ஆனால் யுனிகோடு அட்டவணையில் ழ முன்னால் இருக்கிறது, வ பின்னால் இருக்கிறது. வெறும் எண் வரிசையில் அடுக்கும் கம்ப்யூட்டர் அழகை முன்னே தள்ளிவிடும். தமிழ் வாத்தியார் வீட்டில் இது பெரிய குற்றம்!

தீம்களில் "ரீட் மோர்", "போஸ்டட் ஆன்" என்று இங்கிலீஷ் சொற்கள் அங்கங்கே நிற்கும். அவற்றையும் தமிழாக்கலாம். மொழிபெயர்ப்புக்கென்று உள்ள போல்டரில் தமிழுக்கு ஒரு பைல் போட்டு, இந்தச் சொல்லுக்கு இது என்று எழுதினால் போதும். "மேலும் படிக்க" என்று எல்லோரும் போடுகிறார்கள். தாத்தா "மீதியை வாசிக்க" என்று போடச் சொல்லலாம். அவர் வீடு, அவர் இஷ்டம்.

தீமில் ஏதாவது பிடிக்கவில்லையா? தீமின் பைலைத் தொட்டுத் திருத்தாதீர்கள். நாளைக்குத் தீமின் புதுப் பதிப்பு வந்தால் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். அந்தப் பைலை மட்டும் நகல் எடுத்து, உங்கள் சொந்த அமைப்பு அறையில் அதே பெயரில் வையுங்கள். ஹ்யூகோ முதலில் உங்கள் அறையைத்தான் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் தீமுக்குப் போகும்.

எழுத்துக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். மேலே சுழியும் புள்ளியும், கீழே உகர வளைவும் உண்டல்லவா? இங்கிலீஷுக்கென்று செய்த தீமில் வரிகள் நெருக்கமாக இருக்கும். ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டுங்கள். எழுத்தின் அளவையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். வாசிக்கப் போகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம்.

அழகான எழுத்துரு வேண்டும் என்று பெரிய எழுத்துருப் பைலைப் பக்கத்தோடு கட்டி அனுப்புவது வீண் வேலை. இப்பொழுது வரும் போன்களிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. ஐபோனில் உள்ள தமிழ்ச் சங்கம் எழுத்துருவைச் செய்தவர் மலேசியாத் தமிழர் முத்து நெடுமாறன். முரசு அஞ்சலும் அவர் செய்ததுதான். அந்த எழுத்துப் போதாதா? பிச்சாவரம் பக்கம் சிக்னல் கிடைக்காமல் நிற்கிறவருக்கும் உங்கள் பக்கம் சட்டென்று திறக்க வேண்டுமானால், பக்கம் இலேசாக இருக்க வேண்டும். படங்களையும் சிறிதாக்கித்தான் போட வேண்டும்.

ஊருக்குக் காட்டுவது

கம்ப்யூட்டரில் தயாரான பக்கங்களை ஊருக்குக் காட்ட வேண்டாமா? அதற்கு இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் தேவை. கிட்ஹப் என்ற கம்பெனி இதற்கு இலவசமாக இடம் தருகிறது. தளம் முழுவதும் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எழுத்து மட்டும் என்றால் ஒரு ஆயுள் முழுவதும் எழுதினாலும் அந்த இடம் நிரம்பாது. நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் போன்றவர்களும் இடம் தருகிறார்கள்.

இதைப் படித்ததும் நீங்கள் கேட்பீர்கள். இதுவும் அடுத்தவர் திண்ணைதானே?

உண்மைதான். கிட்ஹப் கூட 2018-ல் மைக்ரோசாப்ட் கைக்குப் போயிற்று. ஆனால் இதில் ஒரு பெரிய வித்தியாசம். ஆர்குட்டில் எழுதியது ஆர்குட்டிடம்தான் இருந்தது. இங்கே மூலப் பைல்கள் எல்லாம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வெளியே இருப்பது நகல். ஒருவர் கதவைச் சாத்தினால் அதே பைல்களை இன்னொரு இடத்தில் கொண்டு போய் வைக்கலாம். ஒரு மாலை நேர வேலை.

முகவரியும் சொந்தமாக இருந்தால் வாசகருக்கு நீங்கள் இடம் மாறியதே தெரியாது. சொந்த முகவரிக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். இந்த வழியில் கட்டாயச் செலவு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். இதையும் வேண்டாம் என்று சொல்லி, கிட்ஹப் கொடுக்கும் முகவரியிலேயே இருக்கலாம். ஆனால் கட்டத் தொடங்கிவிட்டால் விடக்கூடாது. தவணை தவறினால் அந்த முகவரியை வேறொருவர் வாங்கிவிடுவார். தாத்தாவின் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடும்!

பெண்களும் பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கிட்ஹப்பின் இலவச இடத்தில் பக்கம் மட்டும் அல்ல, மூலப் பைல்களும் ஊருக்குத் திறந்தே இருக்கும். வரைவு என்று குறித்த கட்டுரையையும் தேடுகிறவர் படிக்கலாம். இன்று எழுதி நாளை அழித்தாலும் பழைய பிரதி உள்ளே தங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு போட்ட சண்டையை அங்கே வரைவாகக் கூட வைக்காதீர்கள். போன் நம்பர், குழந்தை படிக்கும் பள்ளியின் பெயர், இவையும் வேண்டாம். போனில் எடுத்த படத்துக்குள் அது எடுத்த இடத்தின் குறிப்பு மறைந்திருக்கும். ஹ்யூகோ அதைத் தானாக நீக்கிவிடும் என்று நம்பக்கூடாது. நீக்கிவிட்டுப் போடுவது நம் பொறுப்பு.

எல்லோருக்கும் இதுவா?

இல்லை. கம்ப்யூட்டரே இல்லாமல் போனில் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த வழி கஷ்டம். கறுப்பு ஜன்னலில் கட்டளை தட்ட வீட்டில் ஒரு பிள்ளையாவது வேண்டும். அது இல்லாதவர்கள் 1999-ல் தொடங்கி இன்றும் நடக்கும் பிளாகர் போன்ற இடத்திலேயே எழுதலாம். எழுதாமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் நகல் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி அதிலேயே இருக்கிறது. உபயோகிக்கிறவர்கள்தான் குறைவு.

வாசகர் கடிதம், தேடும் வசதி, கடை, பணம் வாங்குவது என்றெல்லாம் ஆசைப்படுகிறவர்களுக்கும் நிலைத்த பக்கம் தனியாகப் போதாது. சம்பா சாதம் வாங்குகிற இடத்தில் நெய் ரோஸ்ட் கேட்கக்கூடாது.

தாத்தா வீட்டுக்கு இது பொருத்தம். அவர் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள். அவள் சிதம்பரத்துக்குப் போன பிறகு அவர் நோட்டில் எழுதுகிறார். அடுத்த சனிக்கிழமை அது ஏறுகிறது. துபாயில் இருக்கும் மகன் படித்துவிட்டுப் போன் பண்ணுகிறான்.

"அப்பா, தானே புயல் அன்றைக்கு ஓடு பறந்தது நம் வீட்டில் இல்லை. சித்தப்பா வீட்டில்."

"நீ எங்கேடா பார்த்தாய்? கட்டிலுக்கு அடியில் அல்லவா இருந்தாய்!"

பேத்தி இரண்டையும் எழுதிக்கொள்கிறாள்.

இப்படிச் சேர்ந்ததை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றிலேயே வைத்திருக்கக்கூடாது. கம்ப்யூட்டரும் வெள்ளத்தில் நனையும். மாதம் ஒரு முறை முழுப் போல்டரையும் பென் டிரைவில் நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில். பென் டிரைவும் சில ஆண்டுகளில் கெடும். புதிதாக மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் ஓலை நைந்ததும் புது ஓலையில் பிரதி எழுதினார்களே, அதே வேலைதான்.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். முகவரி யார் பெயரில் வாங்கியது, எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், எந்த மெயிலில் பதிவு செய்தது, கடவுச்சொல் என்ன என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். பேத்தி கல்யாணமாகிப் போனாலும், அடுத்துப் பார்க்கப் போகிற தம்பிக்கு அது வேண்டும்.